உறை பிரித்த வில்லைகள்

ரேடாருக்குள் வைக்கிற கறுப்பு வில்லைகள் செய்தேன். என் முப்பது வருட உத்தியோகம் அவ்வளவுதான். இரும்புத் துருவோடு வேறு சில பொடிகளைக் கலந்து, அழுத்தி, உலையில் சுட்டால் காந்த வில்லை கிடைக்கும். நுண்ணலை அதன் வழியே போகும்போது கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். விழுங்காத வில்லை ஒன்று செய்யத்தான் என் கண்பார்வையெல்லாம் செலவாயிற்று.

ஒரே ஒரு தடவை வந்தது. கலவையையும், உலையை ஆறவிட்ட விதத்தையும் ஆய்வுக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை. எழுதினால் மேலதிகாரி தன் பெயரில் கட்டுரை போட்டுவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை போட்டவர். வில்லையைச் சுற்றிய காகித உறையிலேயே பென்சிலால் எழுதி, உறை சுற்றிய மற்ற வில்லைகளோடு பெட்டியில் ஒளித்தேன். இன்னொரு முறை செய்துபார்த்து நானே வெளியிடுவதாக நினைப்பு. பெரிய கெட்டிக்காரி! அதற்குள் உலை பழுதானது, சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை, எனக்கும் வயதாகிவிட்டது.

ஓய்வுபெற்ற அன்று பெட்டியை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் தரவில்லை. அது வருவதற்குள் ஆய்வகத்தைக் காலி செய்தவர்கள் பழைய சாமான்களோடு ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். விசாரித்து, செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து, தாராவியில் அந்தப் பழைய சாமான் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம்.

"அந்தக் கறுப்புக் கல்லா? இருக்குக்கா. அது எங்க போவப்போவுது?" என்று ஒரு சாக்கை இழுத்துவந்து என் முன்னால் கொட்டினார்.

எல்லாம் என் வில்லைகள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு.

"இதுமேல காகிதம் சுத்தியிருந்ததே?"

"அதைப் பிரிச்சு ரத்தியில, பழைய பேப்பரோட போட்டாச்சுல்லா? போன வாரமே மில்லுக்குப் போயிட்டு. காகிதம் வேற, கல்லு வேறக்கா. சேத்துப் போட்டா எவன் வாங்குவான்?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவர் வேலையை அவர் சுத்தமாகச் செய்திருக்கிறார். எது அந்த வில்லை என்று அளந்து பார்க்கும் கருவி, இனி நான் நுழைய முடியாத கட்டடத்தில் இருக்கிறது. அளந்து கண்டுபிடித்தாலும் அதை எப்படிச் செய்தேன் என்று வில்லை சொல்லாது. நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். வெப்பநிலை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது.

என் முகத்தைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கக்கா. ஒண்ணுகூடக் கொறையாது."

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.