தாமூ குடித்த ஒரு மிடறு

"ஹாஜி, அந்தப் புள்ளயோட பாட்டில்ல என்னத்த ஊத்துற?"

"ஆசிட்தான். உனக்குத் தெரியாததா, தாமூ?"

"நல்லாத் தெரியும். குடிச்சே பாத்தவ நானு. ருசி எப்படின்னு சொல்லட்டுமா?"

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெயிண்டும் விளக்குமாறும் விற்கும் ஹாஜி பூஷயிப் சிரிக்கவில்லை.

"குடிதண்ணி பாட்டில்ல அத ஊத்தாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஜனங்க கொண்டு வர்றதுலதான் ஊத்த முடியும். இதுக்கு வெள்ளிச் செம்பா எடுத்துட்டு வருவாங்க?"

"நோன்பு திறக்குற நேரத்துல எவளாச்சும் தண்ணின்னு எடுத்துக் குடிச்சிட்டா?"

"குடிக்கிறவ பாத்துக் குடிக்கணும். அதுவும் உன் கதய என்கிட்ட சொல்லாதே. நீ வேணும்னேதான் குடிச்சேன்னு தெருவே பேசுது."

தாமூவுடன் வந்திருந்த சுகைனா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தாமூ ஆசிட் வாங்க வந்த பெண்ணின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, கடையின் வெள்ளைக்கல் படியில் கவிழ்த்தாள். படி சீறியது. நுரை பொங்கிப் பொங்கி அடங்கியபோது கல்லின் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று ஒரு திட்டு தெரிந்தது.

"இது கல்லு. என்னுது தொண்ட. ஆசைப்பட்டு எவளாவது இத முழுங்குவாளா? தெருவக் கூப்பிட்டுக் காட்டு."

சலே நகரில் பெண்கள் குளிக்கும் பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கும் வேலை தாமூவுக்கு. தேய்க்கும்போது பேசிக்கொண்டேயிருப்பாள். புருஷன் அவளை விலக்கி அனுப்பியபோதும் அழவில்லை. "அந்த ஆள் குறட்டையிலேர்ந்து விடுதலை" என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுகைனா நேர் எதிர். அரபியிலும் பிரெஞ்சிலும் படித்தவள், இரண்டிலும் வாய் திறக்காதவள். "ரெண்டு நாக்கு இருந்தும் ஊமையா இருக்கியே" என்று தாமூ கேலி செய்வாள்.

தாமூ ஆசிட் குடித்தது போன வருட நோன்பில். கூடத்தின் தரை ஓடுகளை ஆசிட் ஊற்றித் தேய்த்த பெண், மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து, சாப்பிடும் அறை ஜன்னலில் வைத்துவிட்டாள். தண்ணீர் பாட்டில்களும் அங்கேதான் இருந்தன. அம்மா கொடுத்தனுப்பிய ஹரீரா கஞ்சியோடு சுகைனா உள்ளே நுழையவும் நோன்பு திறப்பதற்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. மற்றவர்கள் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். பகலெல்லாம் வெந்நீர் ஆவியில் நின்ற தாமூ எப்போதும் தண்ணீரில்தான் நோன்பு திறப்பாள். பாட்டிலை எடுத்து அண்ணாந்தாள்.

ஒரு மிடறு உள்ளே போனது. அடுத்ததைத் துப்பினாள்.

"வாந்தி எடுக்க வைங்கடி!" என்று ஒருத்தி தாமூவின் வாய்க்குள் விரலை விட்டாள். தாமூ கடித்தாள். இன்னொருத்தி ஆலிவ் எண்ணெய்க் குப்பியைச் சாய்த்தாள். தாமூ பல்லை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். எரித்துக்கொண்டே இறங்கியது அதே வழியில் ஏறினால் இன்னொரு முறை எரிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பால் டம்ளரையும் தட்டிவிட்டாள். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு அந்தப் பாட்டிலை மூடி இடுக்கிக்கொண்டு, சுகைனாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

நோன்பு திறக்கும் அந்த நேரத்தில் ஊரில் ஒரு டாக்சி கிடையாது. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. காய்கறி ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து ஒருவன் முட்டை உரித்துக்கொண்டிருந்தான். தாமூ கேட்காமலேயே பின்னால் ஏறினாள்.

"அம்மா, ஒரு வாய் சாப்பிட்டுக்கிறேன்..."

அவள் பாட்டிலைக் காட்டித் தன் தொண்டையையும் காட்டினாள். அவன் முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வழியெல்லாம் எச்சிலை விழுங்க முடியாமல் தலைத்துணியின் நுனியில் துப்பிக்கொண்டே, படுக்காமல், நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள் தாமூ.

ஆஸ்பத்திரியில் பாட்டிலை முகர்ந்ததுமே டாக்டர் சுறுசுறுப்பானார். வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்றார். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தார்கள், ஊசி வழியே திரவம் ஏற்றினார்கள், மூச்சுக்குழல் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். காலையில் குழாய் கேமரா விட்டு உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்ப்பதாக முடிவானது. வெந்த இடம் பின்னால் சுருங்கும். இன்றுவரை அவ்வப்போது போய்த் தொண்டைக்குழலை விரித்துக்கொண்டுதான் வருகிறாள். ரொட்டியைக் கஞ்சியில் ஊறவைத்துத் தின்கிறாள். குரல் உப்புத்தாள் உரசுவதுபோல ஆகிவிட்டது. அதிலும் பேச்சு குறையவில்லை.

ஆனால் அன்று சத்தமாகப் பேச முடியவில்லை. சேர்க்கைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் நர்ஸிடம் பிரெஞ்சில் சொன்னார், புருஷன் விட்டவள், தற்கொலை முயற்சிதான், காலையில் மனநலப் பிரிவுக்கும் போலீஸுக்கும் சொல்லிவிடுங்கள் என்று. நர்ஸ் 'பாவம்' என்பதுபோல் உச்சுக்கொட்டினாள். தாமூவுக்கு அந்த மொழி தெரியாது. தன்னைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று புரிய அந்த உச்சுக்கொட்டல் போதுமானதாக இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தாள். சுகைனாவின் சட்டையைப் பற்றிக் கீழே இழுத்தாள். வெந்த உதடுகள் காதில் உரசின.

"அவங்க பாஷையில சொல்லு புள்ள. மெதுவாச் சொல்லாத, இந்த வார்டு பூரா கேக்கணும். எனக்குச் சாகணும்னு இல்ல, தாகம், அவ்வளவுதான்னு சொல்லு."