எந்த ஊர் என்று கேட்கக்கூடாத அறை

சுகம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றிப் பெரியப்பா ஒன்று சொல்லுவார். பாதிதான் நினைவில் நிற்கிறது: "வாறவன் கதிரையிலை இருக்க முதல் மேசையிலை கிடக்கிற மருந்துப் போத்திலைப் பாப்பான்…" மிச்சம் மறந்துபோச்சு. சுகம் விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னைப்போன்ற உளவளத்துணையாளர்களுக்கு அந்த அரைவாசியே போதும். நீங்களும் இந்தத் தொழில் என்றால், எங்களைக் கண்டதும் சனம் போத்திலை ஒளிக்கிற வேகம் தெரிந்திருக்கும்.

சில வருடங்கள் கிளிநொச்சியில் வேலை செய்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது, புற்றுநோயிலிருந்து மீண்ட தமிழருக்கான குழு ஒன்றை என்னிடம் தந்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கலியாணத் தரகர்

எங்கள் சிகிச்சைமுறை முதலில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக அமைத்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் அவர்களுக்கு அதை நடத்தும் கொலம்பியாக்காரி மார்த்தாதான் எனக்குச் சொல்லித்தந்தார்: நோயை உடனே கேட்காதே, ஊரைக் கேள், குடும்பத்தைக் கேள், தானாக மனம் திறப்பார்கள். நாங்களும் ஊர், குடும்பம் என்று உயிரை விடுகிற சனம்தானே என்று நம்பினேன்.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் தமிழ்க் குழுவின் முதல் நாள். தொண்டையில் புற்றுநோய் வந்து மாறிய நடேசன் அண்ணையிடம், "அண்ணை எந்த ஊர்?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, வருத்தம் கேக்க வந்தனீரோ, கலியாணம் பேச வந்தனீரோ?"

யோகா வகுப்பு

மலர் அக்கா கதவுக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். மார்பில் வந்த கட்டியை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி முடிந்து, தலைமயிரும் வளர்ந்துவிட்டது. நித்திரைதான் திரும்பி வரவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்த நேரம், பிந்தி வந்த ஒரு பெண் கதவைத் திறந்தார். மலர் அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்: "யோகா வகுப்பெண்டு நினைச்சு மாறி வந்திட்டன். நீங்கள் கதையுங்கோ."

விசாரணை

அடுத்த கிழமை அவருக்கு போன் எடுத்தேன். "கட்டி திரும்ப வந்திட்டுதோ எண்டு தடவித் தடவிப் பாக்கிறன் தம்பி. இவருக்குச் சொன்னா இவரும் சேர்ந்து அழுவார்." பக்கத்து வோபர்னில் மகளுக்குச் சம்பந்தம் சரிவருகிற நேரமாம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களாம். என் வாயால் வெளியே போகாது என்றேன்.

"அது சரி, உங்கடை மனிசி எந்த ஊர்?"

என் மனைவி கரவெட்டி என்றேன். "மாப்பிள்ளை பகுதியும் கரவெட்டிதான். இனி இந்த நம்பருக்கு எடுக்காதேங்கோ."

நவாலி

மலர் அக்கா இனி வரவே மாட்டார் என்றிருந்தேன். ஒருநாள் அவரே எடுத்தார். "நீங்கள் முதல் நாள் சொன்ன அந்த ஸ்பானிஷ் ஆக்களின்ரை கூட்டத்திலை தமிழர் ஆரும் இருக்கினமோ? உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ."

போனோம். மார்த்தா ஸ்பானிஷை ஆங்கிலமாக்க, நான் அதைத் தமிழாக்கினேன். நாங்கள் இருந்ததும் இராததுமாக எல் சல்வடோர்க் கிழவி ஒருவர், "உன் ஊர் எது?" என்றார். அதே கேள்வி; இருந்தும் மொழிபெயர்த்தேன். மலர் அக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நவாலி என்றார். ஒழுங்கையைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார், கடைசியில் கட்டி தேடுகிற தன் கையைப் பற்றியும் சொன்னார். கிழவி தன் மார்பைத் தடவிக் காட்டித் தலையாட்டினார். திரும்பி வரும்போது காருக்குள் மலர் அக்கா சிரித்தார்: "அந்த மனிசிக்கு நவாலி எங்கை கிடக்கெண்டே தெரியாது. என்ன நிம்மதி!"

அழைப்பிதழ்

பிறகு மாப்பிள்ளை வீட்டார் அழைப்பிதழோடு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மனைவிக்குத் தூரத்துச் சொந்தமாம். மண்டபத்தில் என்னைக் கண்டு பொம்பிளையின் தாய் மலர் அக்காவுக்கு முகம் மாறினாலும் சரி, பழக்கத்தில் "தம்பி" என்று கூப்பிட்டாலும் சரி, "உவரை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்க ஆள் இருக்கும். எனக்கு அன்று வேலை என்றேன். மனைவி நம்பவில்லை. "சனிக்கிழமை உங்களுக்கென்ன வேலை? ஆரோ ஒருத்திக்கு ஒளிக்கிறியள்!"

சுகம் விசாரிப்பதே தொழிலான நான், கலியாணத்தன்று மனைவியை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, காரை வீட்டுக்குத் திருப்பினேன்.