சரஸ்வதி காலடியில் லேப்டாப்

வங்காளத்தில், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சந்தானத்தின் இரண்டாவது பிள்ளை கிரிதர். அம்மா நாகலட்சுமியின் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம்; இவனுக்கும் அது அப்படியே வந்திருந்தது. பிறந்தது பெஹாலாவில், குடித்தனம் டாக்குரியாவில். கல்லூரியில் கம்ப்யூட்டர், புரொஜெக்டர், நெட் என்று எது மக்கர் பண்ணினாலும் ஓட வேண்டிய உத்தியோகம். ப்ளக்கைச் செருகாமலே "ஓடல, கிரிதர்தா" என்று கூப்பிடுகிற பேராசிரியர்கள் எல்லாருக்கும், அவனைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவன் 'தா', அதாவது அண்ணாதான்.

அன்றைக்கு வங்காளிகளின் சரஸ்வதி பூஜை. நம் நவராத்திரியில் வருவதல்ல, தை மாசத்தில் வருவது. மத்தியானம் லேக் கார்டன்ஸ் பெண் அனன்யாவுக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வெளிநாட்டுத் தேர்வாளருக்கு வேறு நாள் ஒழியவில்லை. இதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். கிரிதர் முந்தின நாளே கல்லூரி லேப்டாப் ஒன்றில் அவளுடைய கோப்புகளை எல்லாம் ஏற்றி, நடுவில் அணைந்துவிடாதபடி அமைத்து, "தொடாதே" என்று சீட்டும் ஒட்டியிருந்தான்.

காலையில் வந்து பார்த்தால் மேஜை காலி. லேப்டாப் பூஜைப் பந்தலில், சரஸ்வதியின் காலடியில், திறந்தபடி, சாமந்தி மாலையோடு. வைத்தவள் அனன்யாவேதான்.

"ஏம்மா, அறிவிருக்கா?"

"ஆசீர்வாதத்துக்குத்தான் வெச்சேன், கிரிதர்தா."

"வேற காப்பி இருக்கா?"

"இல்ல, கிரிதர்தா."

"பென் டிரைவ்ல ஒண்ணு போட்டு வைன்னு தலதலயா அடிச்சுண்டேனே!"

எடுக்கப் போனவனைப் புரோகிதர் மறித்தார். அங்கே வைத்த புத்தகத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாதாம்.

"இது புத்தகம் இல்ல, டாக்குர் மஷாய், மெஷின்!"

"மெஷின்னா விஸ்வகர்மா பூஜையில வெச்சிருக்கணும். இங்க வந்துட்டா புத்தகம்தான்."

கூட்டம் சிரித்தது. கிரிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோகிதர் கங்கா ஜலத்தை லேப்டாப் மேலேயே தெளித்துக்கொண்டிருந்தார். சார்ஜ் வேறு சிவப்புக்கு இறங்கியிருந்தது. தன் அறைக்கு ஓடினான். கல்லூரியின் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் அங்கிருந்தே நுழைய அவனிடம் வசதி இருந்தது. நுழைந்து, அனன்யாவின் கோப்புகளை ஒவ்வொன்றாக வேறு லேப்டாப்புக்கு இழுத்தான். கடைசிக் கோப்பு வந்து விழுந்ததும் பந்தலில் அந்தத் திரை இருண்டது.

சாயங்காலம் அனன்யா தேறிவிட்டாள். இலந்தைப் பழப் பிரசாதத்தோடு ஓடி வந்தாள்.

"சரஸ்வதி மா கைவிடல, கிரிதர்தா! யாருமே தொடாம ஸ்க்ரீன்ல அம்பு தானா நகர்ந்துதாம்! எல்லாரும் சங்கு ஊதினாங்களாம்!"

கிரிதர் பழத்தை வாங்கி வாயில் போட்டு அடக்கிக்கொண்டான். இல்லாவிட்டால் அந்த வாயிலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கும்.