கீழ என்றால் எந்தப் பக்கம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கோவில்பட்டியில் என் பட்டறைக்குள் ஓடுகிற கிரேனை நானே வெல்டு வைத்து நிறுத்தினேன். இடைசெவல், கழுகுமலைப் பக்கத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வான். அதன் பொத்தான் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொட்டது கிடையாது.

பெட்டி ஒயரில் தொங்கும். அமுக்குகிறவன் தூக்குகிற சாமான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதை எடுத்துவிட்டு ஒயர் இல்லாத ரிமோட் மாட்ட கோயம்புத்தூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். உத்தரத்தில் ரிசீவரைக் கட்டினார். ரிமோட்டில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். பச்சை விளக்கு மினுக்கி நின்றது. “ரெண்டும் பேசிக்கிச்சுங்க” என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொத்தான்மேல் இருந்த இங்கிலீஷை மறைத்து டேப் ஒட்டி நானே எழுதினேன். இறக்குவதற்கு ஒரு ‘கீழ’, கிழக்கே நகர்த்த ஒரு ‘கீழ’. எங்கள் பக்கம் கிழக்கும் கீழதான். கீழத்தெரு என்றால் பள்ளத்தில் கிடக்கிற தெரு இல்லை.

“ரெண்டு கீழ இருக்குதுங்களே?”

“எனக்குத் தெரியும். நீங்க காப்பியக் குடிங்க.”

வெறும் கொக்கியை ஓடவிட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். எங்கே நின்று அமுக்கினாலும் சொன்னபடி கேட்டது.

பஞ்சு மில் முதலாளியின் லாரி பட்டறைக்குள் கிரேனுக்கு அடியில் வந்து நின்றது. பேல் கட்டுகிற பிரஸ்ஸின் இரும்புத் தலை, பழுது பார்த்து முடிந்தது, அதில் ஏற வேண்டும். லாரிக்குள் நின்று இரும்பைக் கையால் ஒதுக்கிவிடுவது எப்போதும் என் மனைவியின் தம்பிதான். இரும்பு அவர் தலைக்குமேல் வந்து, இடுப்பளவுக்கு இறங்கியது. நான் ரிமோட்டோடு வாசலில் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ஒயரே இல்லாம எப்படி அண்ணாச்சி?” என்றார் அவர்.

“எல்லாம் காத்துலதான் போகுது” என்றேன்.

“அத்தான், கொஞ்சம் கீழ விடுங்க” என்று லாரியிலிருந்து குரல் வந்தது. இரும்பு மறைத்ததால் மச்சினர் கை தெரியவில்லை. இறக்கினேன்.

ஐயோ என்று சத்தம். சிவப்புப் பொத்தானை அடித்தேன். நின்றுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் இரும்புக்கு அடியில் செருப்பு. காலை உருவிவிட்டார்.

“கிழக்கல்லா சொன்னேன்” என்றார்.

“கீழன்னுதானலே சொன்ன.”

“இத்தன வருசமா கீழன்னுதான் சொல்லுதேன். பக்கத்துல நின்னு என் கையப் பாத்தீய. இன்னைக்கு வாசல்ல நின்னு வியாக்கியானம் பேசுதீய.”

என்ஜினியர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். லாரியின் ஒரு பக்கம் போனேன், மறுபக்கம் வந்தேன். “சரி மாப்ள, மெதுவா வைப்போம். நில்லு” என்றேன்.

“இனி அங்கன நான் நிக்க மாட்டேன். நீங்க வந்து நில்லுங்க. ரிமோட்ட இங்க குடுங்க.”

ஒற்றைக்கால் செருப்போடு இறங்கி வந்து கையை நீட்டினார். தரவில்லையென்றால் அப்படியே வீட்டுக்கு நடந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும். அவர் இல்லாமல் இந்தப் பட்டறையில் ஒரு இரும்பும் ஒழுங்காக உட்கார்ந்தது கிடையாது. கொடுத்தேன்.

லாரியில் ஏறி இரும்பைப் பிடித்தேன்.

“சொல்லுங்கத்தான்.”

“ஏத்து.”

இரும்பு எழுந்தது. செருப்பைக் காலால் தள்ளிவிட்டேன். அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன்.

“கிழக்க” என்றேன். அவர் டேப்பைக் குனிந்து பார்த்தார். எந்தக் கீழ என்று தேடுகிறார். நான் என் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.