ரெஜிஸ் வெட்டிய நான்கு நிமிடங்கள்

ரெஜிஸ் ஷவனோனுக்குப் பகலில் சைக்கிள் தொழிற்சாலையில் சக்கரங்களுக்குக் கம்பி கோக்கும் வேலை. மாலையில் எங்கள் ‘நீலச் சாம்பல்’ குழுவில் டிரம்ஸ். சக்கரம் கோணினால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள். நான் புல்லாங்குழல். குழு இருந்த ஏழு வருடமும் அவனுக்கு இடப்பக்கம் நின்றேன். அதிகம் பேசமாட்டேன், அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1973இல் முதல் இசைத்தட்டுக்காகப் பிரான்சின் லியோன் நகருக்குப் போனோம். தட்டின் ஒரு பக்கத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே நீண்ட பாட்டு, ‘சுரங்கத்து மழை’; சுரங்கத்தில் மாட்டிய ஒருவன் வெளியே வரும் கதை. இருபத்தாறு நிமிடம். ஒரே மூச்சில் வாசித்து முடித்தோம். ஒலிப்பதிவாளர் கொலோம் தலையைச் சொறிந்தார்.

“தட்டுல ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம்தான் தாங்கும். அதுக்கு மேல போனா சத்தம் கொசு மாதிரி ஆயிடும். நாலு நிமிஷம் எடுங்க. இல்லன்னா கம்பெனி போடாது.”

எந்த நான்கு நிமிடம் என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் ரெஜிஸ் தனியாக வாசிக்கும் பகுதி சரியாக நான்கு நிமிடம். அதைக் கேட்கவே ஊரில் ஆட்கள் வருவார்கள்.

பாடகி மிரேய் சீறினாள். “என் பாட்டுல எடுங்க. அவன் மேல கை வச்சா நான் ரயிலேறிடுவேன்.”

“ஏறு, ஏறு. டிக்கெட்ட மறந்துடாத,” என்றான் ரெஜிஸ். “உன் வரி ஒண்ணு போனாலும் சுரங்கத்துல மாட்டினவன் வெளிய வரமாட்டான். நான் சும்மா தகரம்தான தட்டறேன்?”

“தகரமாடா அது?” என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அவன் கொலோமின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒலிநாடாவைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டான். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனது. தன் பகுதிக்கு முன்னால் விழும் அடியையும் பின்னால் விழும் அடியையும் தேடிப்பிடித்து வெள்ளைப் பென்சிலால் குறித்தான்.

“பிளேடக் குடுங்க, மெஸ்யே. வேற ஆள் வெட்டினா ஒட்டுத் தெரியும்.”

அவனே வெட்டினான், அவனே ஒட்டினான். ஓடவிட்டபோது, எங்கே வெட்டினான் என்று வாசித்த எங்களுக்கே தெரியவில்லை. மிரேய் அழுதுகொண்டே அவன் முதுகில் குத்தினாள்.

தட்டு வெளிவந்தபின் எங்கள் ஊர் மண்டபத்தில் ஞாயிறு மதியக் கச்சேரி. அங்கே நேரக் கட்டுப்பாடு கிடையாது. அவனுக்குத் தெரியாமல் பேசிவைத்து, அவன் வெட்டிய இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தி வழிவிட்டோம். அவன் நிற்கவே இல்லை. தட்டில் இருப்பதுபோலவே நேராக அடுத்த பகுதிக்குப் போய்விட்டான்.

“என்னடா, தூக்கமா? வாசிங்க!” என்று எங்களைப் பார்த்துக் கத்தினான்.

விழுந்தடித்துப் பிடித்தோம். மேடை இறங்கியதும், ஏன் என்று கேட்டேன்.

“பாட்டக் கேட்டல்ல? இப்பதான் ஓடுது. முன்னாடி என்னாலதான் நடுவுல நின்னுச்சு.”

அது சரியென்று எனக்கு இன்றுவரை படவில்லை. அதன்பின் இரண்டு தட்டுகள் வந்தன, குழுவும் கலைந்தது. அந்த நான்கு நிமிடத்தை அவன் மறுபடி வாசிக்கவே இல்லை.