அடைக்கலத்தின் வலது கை

டீ வந்துவிட்டது. அடைக்கலம் குடிக்கவில்லை. கண்ணாடி கிளாஸை வலது கையின் ஐந்து விரல்களாலும் இறுகப் பொத்திக்கொண்டு, எதிரே கட்டியிருக்கும் பசுவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சூடு ஆறியதும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, “இன்னொண்ணு, நல்லா கொதிக்கக் கொதிக்க” என்கிறார். அந்த வீட்டம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், கூட வந்த நானாவது இவருக்குப் புத்தி சொல்லக்கூடாதா என்றிருந்தது.

விராலிமலைப் பக்கத்துக் கிராமங்களில் அவருக்கு ‘டீ டாக்டர்’ என்று பெயர். உண்மையில் டாக்டர் இல்லை. பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர். சில வாரம் கழித்து வந்து, தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, மாட்டின் பின்புறமாகக் கையை விட்டுத் தடவி, சினை பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்கிறவர். இரண்டு மாதக் கரு ஒரு சாத்துக்குடி அளவுகூடத் தேறாது. கண்ணுக்குத் தெரிய வழியில்லை. விரல் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்த விரல்கள்தான் மரத்துப்போகின்றன. காரணம் அவருடைய பைக். அதன் ஆக்சிலேட்டரை ஒருமுறை திருகிப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம், வலி எனக்குத் தோள்பட்டை வரை ஏறியது. இந்த நோயை வண்டிக்கு வரவழைத்தவர் அடைக்கலமேதான். பிரசவத்தில் கன்று இழுக்கும்போது கைக்கு விளக்கெண்ணெய் தடவி வந்த பழக்கத்தில், ஆக்சிலேட்டர் கேபிளுக்குள்ளும் அதையே ஊற்றினார். ஒரு வாரம் வழுவழுவென்று ஓடியது. பிறகு நெடுஞ்சாலைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, திருகிய பிடி திரும்பி வர மறுத்தது. மெக்கானிக் ஜஸ்டின், அது திரும்பி வரட்டும் என்று ஒரு முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டார். இப்போது திருகவும் பலம் வேண்டும், திருகியதைப் பிடித்திருக்கவும் பலம் வேண்டும். கேபிளை மாற்றினாலும் அடைக்கலம் மறுபடி எண்ணெய் ஊற்றுகிறார். “அண்ணே, கேபிள் ஒண்ணும் கன்னு போடப் போறதில்ல” என்று ஜஸ்டின் சொல்லிப் பார்த்துவிட்டார்.

கைக்கு நோகாமல் இருக்க அடைக்கலம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகள் பல. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறார். பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்து அதன்மேல் கட்டியிருக்கிறார். விரலை விட்டுவிட்டு உள்ளங்கையாலேயே அழுத்தலாம். ஒருமுறை திருப்பத்தில் அது தானாக அழுந்தி, வண்டி அவரோடு ஒரு கடலைக்காட்டுக்குள் போய் நின்றது. “காடு நல்ல காடு” என்றார். நேர் ரோட்டில் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வெளியே நீட்டி உதறுவார். எதிரே வரும் லாரிக்காரர்கள் பதிலுக்குக் கையசைக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சினையை இடது கையால் பார்க்கலாமே” என்று கேட்டேன்.

“எழுதுறதையும் எடக் கையில எழுதச் சொல்லுவீங்க போல” என்றார்.

அன்று மதியத்துக்கு மேல், கூப்பிடாத ஒரு வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார். செவந்தி வீடு. ஊசி போட்டுப் போட்டும் சினை நிற்காத மாடு ஒன்று அவளிடம் இருக்கிறது. இந்த முறையும் நிற்காவிட்டால் விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். பால் வற்றி, சினையும் இல்லாத மாடு போகிற இடம் அடிமாட்டு வண்டிதான்.

“போன வாரம் பாத்து, செனை இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சார். அன்னைக்கி அவுக வீட்டுல அடுப்பு மூட்டல. டீ கேக்கக் கூச்சம். மரத்த கையோடயே பாத்துட்டேன். அதுலேர்ந்து சோறு எறங்கல.”

“போன் செய்து சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்ல? எங் கை மரத்திருந்துச்சுன்னா? அப்பறம் எவன் கூப்புடுவான்?”

நாங்கள் போனபோது மாட்டின் கழுத்தில் நீல நிறத்தில் புத்தம் புது நைலான் கயிறு கிடந்தது. மாட்டை விற்றாலும் வீட்டுக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். மாடு விலைபோய்விட்டது.

“என்னண்ணே, நாங் கூப்புடலையே?” என்றாள் செவந்தி.

“இன்னொரு தடவ பாத்துக்கிறேன் தங்கச்சி.”

“அதான் பாத்துட்டீங்கள்ல? யாவாரி காலையிலேயே கயிறு போட்டுட்டாரு. ஏத்திக்கிட்டுப் போக வண்டி இப்ப வந்துரும்.”

“வெந்நி இருக்கா?”

“குளிக்கவா?” என்று கேட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒரு சட்டி கொண்டுவந்து வைத்தாள். அடைக்கலம் வலது கையை மணிக்கட்டு வரை அமிழ்த்தினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். ரோட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் செவந்தி எட்டிப் பார்த்தாள். அவர் அவசரப்படவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகே உறையை மாட்டினார்.

கை உள்ளே போனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாடு ஒருமுறை கால் மாற்றி நின்றது.

“இருக்கு.”

“எது?”

“கன்னு. ரெண்டு மாசம் தாண்டிருச்சு.”

செவந்தி அவர் கையைப் பார்த்தாள். “போன வாரம் இல்லன்னது எந்தக் கைண்ணே?”

“இதே கைதான். வண்டி ஓட்டி மரத்துப் போயிருந்துச்சு. தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன். எந் தப்புதான்.”

“இன்னைக்கி நீங்க வராம இருந்திருந்தா?” மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கயிறு போட்ட மாட்ட அவுத்தா யாவாரி சும்மா விடுவாரா? சொன்ன சொல்லு என்னாகுறது?” என்றாள்.

“எம்மேல சொல்லு. டாக்டர் தப்பாச் சொல்லிட்டாருன்னு சொல்லு. நானே நின்னு சொல்றேன்.”

உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மாட்டின் கழுத்துக்கு வந்தார். வியாபாரியின் முடிச்சு, இழுத்து இறுக்கியிருந்தது. வெந்நீரில் விரல்களுக்கு உணர்வு வந்திருந்ததே தவிர, பிடி வந்திருக்கவில்லை. நகத்தால் கிண்டினார், வழுக்கியது. மறுபடி கிண்டினார். தெருமுனையில் மினி லாரி ஹார்ன் அடித்தது. நான் உதவப் போனேன். தோளால் என்னை விலக்கினார். குனிந்து, மாட்டின் தாடைக்கடியில் முகத்தைக் கொடுத்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.