காலையில் பிறப்பவை

அலுவலகத்தில் அவளுக்கு மருத்துவச்சி என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேஜைக்காரி. பதிலுக்கு அந்தப் பக்கத்து மேஜைக்காரிக்கு மருத்துவச்சி வைத்த பெயர் குடைச்சல். ஒருத்தி கணினிக்கு நிரல் எழுதுகிறவள், இன்னொருத்தி எழுதியதில் எங்கே ஓட்டை என்று நோண்டிப் பார்க்கிறவள். இரண்டு பெயரும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டதால், அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

மருத்துவச்சி உண்டாக்குவது ஆப்ஷன்களை. ஒரு பொருளை இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போதே எழுதி வாங்கிவைக்கும் உரிமைக்குத்தான் அந்தப் பெயர். சாதாரண ரகத்தை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடலாம். இவள் பொறுப்பில் இருந்தவை எக்ஸாட்டிக் என்று சொல்லப்படும் வம்பு பிடித்த ரகம். ஒன்று மாதம் முழுவதற்குமான சராசரியைக் கேட்கும். இன்னொன்று இரண்டு விலைகளில் எது மட்டமோ அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒன்றுக்கு ஒரு கோடு உண்டு. விலை அந்தக் கோட்டை ஒரே ஒரு முறை தொட்டாலும் ஒப்பந்தம் அந்த நொடியே செத்துப்போகும். மறுநாள் விலை நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து நின்றாலும் செத்தது செத்ததுதான்.

தினமும் காலையில் அவளுடைய நிரல் தொகுப்பு ஒவ்வொரு ஒப்பந்தத்தின் விவரத்தையும் வாங்கி, கணினிக்குள் அதற்கென்று ஒரு உருவத்தைப் புதிதாகச் செய்யும். அந்த உருவம் அன்றைக்குத் தன் மதிப்பு என்ன என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் டிரேடர்கள் வாங்குவதும் விற்பதும். சாயங்காலம் எல்லாம் அழிந்துபோகும். மறுநாள் மறுபடி பிறப்பு.

"என்ன மருத்துவச்சி, பிரசவம் எல்லாம் சுகமா?" என்பாள் குடைச்சல்.

"தாயும் சேயும் நலம்," என்பாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்று மழைதான்.

வீட்டில் பேச்சு இன்னும் குறைவு. அப்பா, அவள், தம்பி. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வந்துபோவாள். அம்மா போன கோடையில் இறந்துவிட்டாள். அப்பாவின் மனத்தில் அது நிற்கவில்லை. முதன்முதலாகக் குடியிருந்த வீட்டு ஜன்னல் கம்பிக்கு என்ன நிறம் என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார். புதியது எதுவும் ஒட்டாது. காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "உங்கம்மா எங்கே?"

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார்கள். "அம்மா இல்லப்பா." அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டு அவர் ஒவ்வொரு காலையும் புதிதாக இடிந்துபோனார். சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் ஓடிவிடுவாள். தம்பியால்தான் தாங்க முடியவில்லை.

"வீட்டுல தினமும் ஒரு சாவா? போதும் விடுக்கா. கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டா என்ன குடி முழுகிடும்?"

அன்றிலிருந்து அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

பொய்யைத் தனியாக நிற்கவைக்க முடியவில்லை. கடைக்குப் போனவளின் செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது என்று தம்பி அதை எடுத்து அலமாரிக்கு மேல் ஒளித்துவைத்தான். அம்மாவின் படிக்கும் கண்ணாடி, அப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி, மேஜைமேல் மடங்கிக் கிடந்தது. பார்த்துக்கொள்ளும் அக்கா தினமும் அம்மாவின் துண்டை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். "குளிச்சிட்டுத்தானே போயிருப்பாங்க? ஐயா தொட்டுப் பாக்குறாரும்மா," என்றாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மருத்துவச்சி தூக்கக் கலக்கத்தோடு பின்கட்டுக்கு வந்தாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா, அம்மா குளித்துவிட்டாள், அடுத்து நாம் போகலாம் என்று நினைத்துக்கொண்டு குளியலறைக் கதவில் கைவைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்தும் அந்தக் கதவைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்பா அம்மாவை விட்டுவிட்டுச் சாப்பிட்டதில்லை. தட்டில் போட்டு வைத்தால், "அவ வரட்டும், சேர்ந்து சாப்பிடறேன்," என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கடைக்குப் போனவள் வரவே மாட்டாள். இரவில் கொஞ்சம் பால் உள்ளே போனால் பெரிய விஷயம்.

"அம்மா சாப்பிட்டுட்டுத்தான் போனாங்கப்பா," என்று தம்பி சொல்லிப் பார்த்தான்.

அப்பா சிரித்தார். "என்னை விட்டுட்டுச் சாப்பிடறவளாடா அவ?"

சட்டை தோளிலிருந்து வழிய ஆரம்பித்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான். இந்த உடம்பு அதைத் தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க."

எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. உண்மை அவரை நொறுக்கியது. பொய் பட்டினி போட்டது.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் குடைச்சல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் பிள்ளைங்கள்ள ஒண்ணு உயிரோட இருக்கு."

"சந்தோஷம்."

"சந்தோஷமா? அது செத்துப்போச்சுடி. கோட்டைத் தொட்ட அன்னிக்கு டிரேடர் ஃபோனைத் தரையில அடிச்சு உடைச்சாரே, மறந்துட்டியா? அதே ஒப்பந்தம். இன்னிக்குக் காலையில மதிப்பு சொல்லிட்டு ஜம்முனு உக்காந்திருக்கு."

மருத்துவச்சி பார்த்தாள். விலை எப்போதோ கோட்டை விட்டு வெகுதூரம் விலகிப் போயிருந்தது. பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராத மதிப்பு. காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. உருவத்தைச் செய்யும்போது 'கோட்டைத் தொட்டதா?' என்று ஒரு கேள்வி உண்டு. பதில் வராவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்திருந்தார்கள். டிரேடர்கள் விவரம் பதியும் பழைய திரையிலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. டிரேடர்களுக்குப் புதிதாகக் கொடுத்த திரை அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்று காலை பிறந்த உருவத்துக்கு முன்கதை தெரியாது. யாரும் எதுவும் சொல்லாததால் எதுவுமே நடக்கவில்லை என்று அது நம்பியது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தன. செத்த ஒப்பந்தங்கள் தினமும் காலையில் எழுந்து வந்து, உயிருள்ளவற்றோடு வரிசையில் நின்று மதிப்பு சொல்லியிருந்தன. அவற்றை நம்பி டிரேடர்கள், நஷ்டம் வராமல் இருக்க, வேறு எதையெதையோ வாங்கியும் விற்றும் செத்தவற்றுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். பிரசவம் பார்த்தது தன் கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு விசைப்பலகையைத் தொடக் கூசியது.

அவள் சொன்னதை மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுமுடித்தார். "பதில் வரலேன்னா 'தொட்டது'ன்னு எடுத்துக்கோங்க. கதை முடிஞ்சுது."

"அப்ப உயிரோட இருக்கறதெல்லாம் செத்துடும் சார்."

"வேற என்னதான் பண்ணணும்கறீங்க?"

"பதில் சொல்லாம பிறக்கவே விடக் கூடாது."

"காலையில பாதி சிஸ்டம் படுத்துக்கும்மா!"

"படுக்கட்டும் சார்."

அவள் இவ்வளவு பேசி மேலாளர் கேட்டதில்லை. தலையாட்டிவிட்டார். வெளியே வந்ததும் குடைச்சல் தன் பங்குக்குக் குடைந்தாள்.

"எனக்கு வெறும் ஆமாம் இல்லை பத்தாது, சொல்லிட்டேன். ஆமாம்னா என்னிக்கு, எந்த விலையில, அப்ப யார் பக்கத்துல இருந்து பாத்தது, எல்லாம் சேர்ந்து வரணும். செத்துப்போச்சுன்னு மொட்டையா சொன்னா எவன் நம்புவான்? டிரேடர் மறுபடி ஃபோனைத்தான் உடைப்பாரு."

மருத்துவச்சி அப்படியே எழுதினாள். பிறகு செத்தவற்றின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே ஏற்றினாள். அதில் ஒன்று கோட்டைத் தொட்டது அம்மா போன அதே வாரம். தேதியைத் தட்டிய விரல் அங்கேயே நின்றது. அந்த வாரம் நடந்ததை வீட்டில் ஒருவரும் அப்பாவிடம் சொன்னதே இல்லை. 'இல்லப்பா' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள், மொட்டையாக.

அரைநாள் விடுப்பு கேட்டு எழுந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுழைந்தது அம்மாதான் என்று ஒரு கணம் அவர் முகம் மலர்ந்து வாடியது. பார்த்துக்கொள்ளும் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அவ வரட்டும்," என்றார் அப்பா.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "அம்மா வர மாட்டாங்கப்பா."

"ஏன், என் மேல கோவமா?"

"வேணாம்மா, தம்பி சத்தம் போடும்," என்று அக்கா முணுமுணுத்தாள்.

"கோவமெல்லாம் இல்லப்பா. அம்மா போன கோடையில இறந்துட்டாங்க."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அவள் ஓடிப்போகும் இடம் இது. இன்று ஓடவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். நீங்க ஸ்டூல் போட்டு உக்காந்து நகரவே இல்ல. நர்ஸ் வெளிய போகச் சொன்னப்ப, 'நான் எங்க போறது, என் வீடே இங்கதானே படுத்திருக்கு'ன்னு கேட்டீங்க. அவங்க சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. அம்மா உள்ளங்கால் குளிருதுன்னு சொன்னாங்க. நீங்க தேய்ச்சு விட்டீங்க. தேய்ச்சிட்டு இருக்கும்போதுதான் மூச்சு நின்னுது."

அப்பா வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"வலிச்சுதா அவளுக்கு?"

"இல்லப்பா. தூங்கற மாதிரிதான்."

"நான் பக்கத்துல இருந்தேனா?"

"கடைசி வரைக்கும்."

"அழுதேனா?"

"ரொம்ப. தம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதீங்க."

அப்பா அழுதார். முன்பெல்லாம் அடிபட்டவர் போல அலறுவார். இப்போது சத்தமே இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை அழுது முடித்த ஒருவர் மிச்சத்தை அழுவது போல அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் அந்தப் பார்வை இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய். இன்னொரு வாய். சமையலறை வாசலில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கும் கேப்பேனா நான்?" என்றார் மென்றுகொண்டே.

"கேப்பீங்கப்பா."

"நீ சொல்லுவியா?"

"சொல்றேன்."

"முழுசா சொல்லு, இப்ப சொன்ன மாதிரி." தட்டில் கைவைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சாப்பாடு போடறதுக்கு முன்னாடியே சொல்லிடு. பாரு, எல்லாம் ஆறிப்போச்சு."